நாற்பத்தொன்றாவது வீட்டுச் சாம்பல்

மொரியோகா நகரத்தில் மழை பிடித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. காலை பத்து மணிக்கு ஒரு பெண்மணி அரிவாள், கூடை, அலுமினியப் பானை மூன்றையும் துணியில் மூட்டை கட்டி, அரிவாள் முனை வெளியே தெரிய, உத்சுமி அம்மாளின் துப்பறியும் அலுவலகப் படியேறி வந்தாள். கதவைத் திறந்த ஷிதாராவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையில் அரிவாளோடு வரும் கட்சிக்காரரை அவன் இதுவரை பார்த்ததில்லை.

"நான் ஹிசாயோ. நராகி ஊர். அந்தக் கொலைகாரி நான்தான்," என்றாள் அவள்.

"உக்காருங்க. டீ குடிக்கிறீங்களா?" என்றார் உத்சுமி அம்மாள், பேப்பரை மடித்து வைத்தபடி.

"நீங்க ஊத்துங்க. நான் ஊத்துனா இப்பல்லாம் யாரும் குடிக்கிறதில்ல."

உத்சுமி தோகோ இருபத்தாறு வருடம் சுகாதார அலுவலகத்தில் உணவு நஞ்சு வழக்குகளை விசாரித்தவர். மேலதிகாரி ஒருவர் "இதை இப்படி எழுதுங்கள்" என்று சொன்னதற்கு "எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வேலையை விட்டவர். ஷிதாராவோ பழைய டாக்சிக்காரன். வயது நாற்பத்தைந்து ஆகியும் வாய் மட்டும் அடங்காதவன். அம்மாளுக்குக் கார் ஓட்டுவதற்கென்று வந்தவன் இப்போது பாதித் துப்பறிவாளன் என்று தன்னைத்தானே நியமித்துக்கொண்டிருந்தான்.

ஹிசாயோ சொன்ன கதை இதுதான். நராகி மலை ஊரில் மொத்தம் நாற்பத்தொரு வீடு. முதியோர் இல்லம், ஊர்க்கூடம், சிறு பிள்ளைகள் பள்ளி எல்லாவற்றையும் ஒரே ஒரு மரச்சில்லு பாய்லர்தான் சூடேற்றுகிறது. மே பன்னிரண்டாம் தேதி, குளிர் முடிந்து பாய்லரைத் தணிக்கும் நாள். அன்று ஊர்க்கூடத்தில் வருடத்தின் முதல் பெரணி என்னும் காட்டுக்கீரைத் தளிரைச் சமைத்துச் சாப்பிடுவது வழக்கம். சமையல் எப்போதும் ஹிசாயோதான். இந்தத் தடவை சாப்பிட்ட பதினோரு பேரும் வாந்தி பேதியில் விழுந்தார்கள். மரச்சில்லு சங்கத் தலைவர் இவாபுச்சியின் மனைவி மசுயோ இரண்டாம் நாள் இறந்துபோனாள்.

"ஒண்ணாம் கிளாஸ்லேர்ந்து என் சிநேகிதி அவ," என்றாள் ஹிசாயோ. குரல் உடையவில்லை. அழுது முடித்த குரல் அது. "அதிகாரிங்க வர்றதுக்குள்ள பொம்பளைங்க பாத்திரமெல்லாம் கழுவிக் கவுத்துட்டாங்க. சோதனைக்கு ஒரு பருக்கை இல்ல. 'வசநாபி விஷச்செடித் தளிர் கலந்திருக்கலாம்'னு எழுதிட்டுப் போயிட்டாங்க. கலந்திருக்கலாமாம்! பெரணி, குழந்தை கை மூடின மாதிரி சுருண்டு நிக்கும். வசநாபி இலை விரிஞ்சு கிடக்கும். கண்ணு தெரியாதவன்கூட தடவிப் பாத்துச் சொல்லிடுவான்."

"ஊர்ல என்ன சொல்றாங்க?"

"சொல்றதா? என்கிட்ட யாரும் பேசுனாத்தானே சொல்றதுக்கு! ஊர்ச் சுற்றறிக்கை என் வீட்டத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போகுது. சாவுக்குப் போனேன். வாசல்லயே நிறுத்தி, 'இன்னைக்கு வேணாம்'னு அஞ்சலிப் பணம் வெச்ச கவரத் திருப்பிக் குடுத்துட்டாங்க. அது இன்னும் என் வீட்டு அலமாரியிலதான் இருக்கு. அன்னைக்குப் பெரணி அறுத்த அரிவாள், ஆக்குன பானை எல்லாம் கொண்டாந்திருக்கேன், சோதிச்சுப் பாருங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்மா. நான் அவளக் கொல்லலன்னு யாராவது ஒருத்தர் நிரூபிச்சுக் குடுத்தாப் போதும். நான் கொன்னிருந்தேன்னா அதையும் நிரூபிச்சுக் குடுங்க. ரெண்டும் தெரியாம இருக்கிறதுதான் தாங்கல."

உத்சுமி அம்மாள் கோப்பையை நீட்டினார். ஹிசாயோ வாங்கும்போது அவள் விரல்களையே உற்றுப் பார்த்தார். "கையக் கொஞ்சம் காட்டுங்க."

'போச்சு, அம்மா கைரேகை பார்க்க ஆரம்பிச்சாச்சு' என்று நினைத்துக்கொண்டான் ஷிதாரா. எட்டிப் பார்த்தான். பத்து நகங்களிலும் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடியது.

"சாப்பிட்டு எவ்வளவு நேரத்துல வாந்தி வந்துச்சு?"

"ரெண்டு மணி நேரம் இருக்கும்."

"உதடு, நாக்கு மரத்துப்போச்சா?"

"இல்லியே. வயித்தப் பிசைஞ்சு எடுத்துச்சு. அவ்வளவுதான்."

"பெரணியோட கசப்ப எதப் போட்டு எடுத்தீங்க?"

"சாம்பல்தான். சாம்பல் தூவி, கொதிக்கிற தண்ணிய ஊத்தி, ஒரு ராத்திரி ஊற வெச்சேன். எங்க ஊர் பாய்லர் சாம்பல்மா. காட்டு மரத்தத் தவிர வேற எதுவும் அதுக்குள்ள போகாது. வருஷா வருஷம் மே மாசம் பொறந்ததும் இவாபுச்சிதான் வீட்டுக்கு ஒரு பை குடுப்பாரு. கசப்பெடுக்கற கடைச் சமையல் சோடாவ எங்க ஊர்ல கையால தொடமாட்டோம்."

"அந்தப் பை?"

"பாதி மிச்சம் இருக்கு. வீட்டுல."

உத்சுமி அம்மாள் எழுந்து மழைக்கோட்டை எடுத்தார். "வண்டிய எடுங்க ஷிதாரா."

நராகியில் முதலில் ஹிசாயோவின் வீட்டுக்குப் போய்ப் பையை வாங்கினார்கள். ஷிதாரா அதைப் பிரித்து மோந்து பார்க்கப் போனான். "மூக்கை எடுங்க," என்று உத்சுமி அம்மாள் அதட்டினார். அவர் அதட்டி அவன் அதுவரை கேட்டதே இல்லை. சாம்பலில் ஒரு கரண்டி புட்டியில் அடைபட்டு, அவருடைய பழைய ஆய்வக சிநேகிதருக்கு அன்றே தபாலில் போனது.

பிறகு பாய்லர் கொட்டகை. அதைப் பார்த்துக்கொள்பவர் ஓசனாய்; அறுபது வயதுக் குறும்புக்காரர். முதியோர் இல்லத்துக்கு வெந்நீர் மட்டும் போய்க்கொண்டிருந்ததால் பாய்லர் அரைத்தூக்கத்தில் உறுமிக்கொண்டிருந்தது.

"போலீஸா? பெரணி சாப்பிட்டதுக்கு ஜெயில்ல போடுறதுன்னா என்னையும் போடுங்க. நானும் ரெண்டு தட்டு சாப்பிட்டேன்," என்றார். கையை ஆட்டிப் பேசினார். அவர் நகத்திலும் அதே வெள்ளைக் கோடு. இப்போது ஷிதாரா அதைக் கவனித்துவிட்டு அம்மாளைப் பார்த்தான். அவர் பார்க்காதது போல் நின்றார்.

"இந்தக் குளிர்காலம் எப்படிப் போச்சு ஓசனாய்-சான்?"

"கேக்காதீங்க. பிப்ரவரியில மலைச்சரிவு விழுந்து காட்டு ரோடு அடைச்சுக்கிச்சு. பதினோரு நாள் லாரி வரல. இல்லத்துல முப்பத்தெட்டு கிழங்க. பாய்லர் அணைஞ்சா விறைச்சுச் செத்துடும்ங்க. யார் யாரோ கொண்டாந்து கொட்டிக் காப்பாத்துனாங்க. புண்ணியவானுங்க."

"யார் யார்?"

"நான் எங்க பாத்தேன்? சில்லாக்கித்தான் வந்துச்சு, விடியக்காலையில பாத்தா குவிஞ்சு கிடக்கும். சங்கத்துல மாட்டுப் பண்ணை வெச்சிருந்து மூடுனவங்க நாலு பேரு. எல்லார் கொட்டகையிலயும் பழைய மரம் உண்டு."

சுவரில் தொங்கிய பதிவேட்டை உத்சுமி அம்மாள் புரட்டினார். தினமும் சில்லின் ஈரத்தை அளந்து எழுதுவது ஓசனாயின் வேலை. ஜனவரி முழுக்க நூற்றுக்கு நாற்பது, நாற்பத்தொன்று. பிப்ரவரி ஒன்பதிலிருந்து பதினொரு நாள் பதினாறு, பதினைந்து. அப்புறம் மறுபடி நாற்பது.

"நல்லா எரிஞ்சிருக்குமே?"

"அட, பேய் மாதிரி எரிஞ்சுது! என்ன, உள்ள தள்ளுற இரும்புத் திருகுதான் மூணு தடவை மாட்டிக்கிச்சு. இதோ பாருங்க, இதுங்க பண்ண வேலை." ஒரு காப்பி டப்பாவைக் கவிழ்த்தார். துருப்பிடித்த ஆணிகள் உருண்டன. நேர் ஆணி ஒன்றுகூட இல்லை. எல்லாம் 'ப' வடிவம்.

உத்சுமி அம்மாள் ஒன்றைக் கையில் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அந்தப் பதினோரு நாள் சாம்பல் எங்க போச்சு?"

"டிரம்முல மூடி வெச்சேன். மே மாசம் தலைவர் அதைத்தான் பையில போட்டாரு. 'நல்லா எரிஞ்ச சாம்பல், பொடி நயமா இருக்கு'ன்னு சொன்னாரு."

வெளியே வந்ததும் ஷிதாராவால் அடக்க முடியவில்லை. "அம்மா, எனக்குப் புரிஞ்சுபோச்சு. சாம்பல்லதான் விஷம். எவனோ வேணும்னே கலந்திருக்கான்!"

"வேணும்னேன்னா பதினோரு பேருக்கா வெப்பான்? நிதானமா வாங்க."

நிதானமாக வந்திருக்கலாம். முன்னாள் மேய்ச்சல் நிலத்தின் ஓரமாகக் குறுக்கு வழியில் நடக்கும்போது ஷிதாராவின் வலது கால் முழங்கால்வரை ஒரு குழிக்குள் இறங்கியது. இழுத்து எடுத்து இரண்டடி வைத்தான். இடது கால் இன்னொன்றில் போயிற்று. புல்லுக்குள் வரிசையாக, ஒரே இடைவெளியில், குழிகள் மலைவரை போயின. யாரும் மூடவில்லை.

"யார் நிலம் இது?" என்று கேட்டார் அம்மாள்.

"நல்லாக் கேட்டீங்க! கால் உடைஞ்சுதான்னு கேளுங்க முதல்ல!"

ஹிசாயோவின் பக்கத்து வீட்டு அம்மாள் அவர்களை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினாள். சாம்பல் பையா? இப்போது இல்லையாம். "தலைவர்தான் வந்து திருப்பி வாங்கிட்டுப் போனாரு. தரம் சரியில்லன்னாரு. பொண்டாட்டி செத்த துக்கத்துலகூட மனுஷனுக்கு எவ்வளவு பொறுப்பு பாருங்க! சாவுக்குப் போனவங்களுக்குத் திருப்பிச் செய்யற மரியாதையையும் கையோட கொண்டாந்து குடுத்துட்டாரு."

"என்ன குடுத்தார்?"

அவள் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து காட்டினாள். சமையல் சோடா.

"இது எப்போ?"

"சாவு முடிஞ்சு ஆறாம் நாளு. எங்க ஊர்ல நாப்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிஞ்சப்புறம்தான் குடுப்போம். டீத்தூள், துண்டு, அந்த மாதிரி. இவரு இப்படி முந்திக் குடுத்துட்டாரேன்னு நாங்களே பேசிக்கிட்டோம். மனசு கலங்கிப் போச்சு போல, பாவம்."

"ஊர்ல வேற யாரும் பெரணி சமைக்கலியா?"

"இவ ஆக்கிப் போட்டதுக்கப்புறம் யாருக்கு இந்த வருஷம் பெரணி இறங்கும்?" என்று ஹிசாயோ வீட்டுப் பக்கம் முகத்தைச் சுளித்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

ஆறு நாள் கழித்து ஆய்வகக் கடிதம் வந்தது. உத்சுமி அம்மாள் அதை ஒரு தடவை படித்தார், மடித்தார், நராகிக்குப் போன் போட்டு எல்லோரையும் வரச்சொன்னார்.

மறுநாள் மதியம் பாய்லர் கொட்டகையில் ஆட்கள் கூடினார்கள். ஓசனாய், முன்னாள் பண்ணைக்காரர்கள் மூவர், பக்கத்து வீட்டு அம்மாள், வேலைக் கையுறையைக் கழற்றாமல் வந்த இவாபுச்சி. எல்லோரும் ஒரு பக்கம், ஹிசாயோ மட்டும் தனியாகச் சில்லுக் குவியலுக்குப் பக்கத்தில்.

"வசநாபின்னா வாயில வெச்ச அரை மணி நேரத்துல உதடு மரத்துப்போகும்," என்று ஆரம்பித்தார் உத்சுமி அம்மாள். "யாருக்கும் அப்படி ஆகல. ஆறு வாரம் கழிச்சு எல்லார் நகத்துலயும் வெள்ளைக் கோடு வந்திருக்கு. ஓசனாய்-சான், உங்க நகத்தப் பாருங்க. கீரை அதை எழுதாது. ஆர்சனிக் எழுதும். நம்ம பாஷையில சொன்னா, பாஷாணம்."

ஓசனாய் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெரணியில பாஷாணம் கிடையாது, பானையிலயும் கிடையாது. சாம்பல்ல இருக்கு. கடிதம் இதோ. அப்ப மரத்துல இருந்திருக்கணும். பிப்ரவரியில பனியில வெட்டுன காட்டு மரம் நாப்பது ஈரம் இருக்கும். பதினோரு நாள் மட்டும் பதினஞ்சு. அது வருஷக்கணக்கா கூரைக்கடியில கிடந்த மரம். அதுல ஆணி இருந்திருக்கு. காட்டு மரத்துக்கு ஏது ஆணி? அதுவும் 'ப' வடிவ ஆணி. முள்கம்பிய வேலிக் கம்புல அடிக்கிற ஆணி. முப்பது வருஷம் ஈர மண்ணுல நின்னும் உளுத்துப்போகாத கம்பு. ஏன் உளுத்துப்போகலன்னு யாராவது யோசிச்சீங்களா? பாஷாணம் கலந்த மருந்துல ஊற வெச்ச மரம். எரிச்சா மரம்தான் போகும். மருந்து சாம்பல்லயே தங்கிடும்."

"எங்க மூணு பேரு, தலைவரு, நாலு பேர்கிட்டயும்தான் வேலி இருந்துச்சு," என்றார் பண்ணைக்காரர் ஒருவர் சூடாக. "யாரச் சொல்றீங்க?"

"வேலிக் கம்பு புடுங்குன குழி வேணும்னா ஷிதாராவோட கால் கண்டுபிடிச்சிடுச்சு. ஆனா எனக்குக் குழி வேணாம். கம்பக் கொண்டாந்தது நல்லதுக்குத்தான், தப்பில்ல. எனக்கு வேண்டியது, யாருக்கு இது தெரியும்ங்கிறது." அம்மாள் சோடா டப்பாவை எடுத்துப் பாய்லர் மேடையில் வைத்தார். "ஊரே வசநாபின்னு நம்பிட்டிருக்கு. அப்ப ஒருத்தர் மட்டும் வீடு வீடாப் போய்ச் சாம்பல வாங்குறாரு. அதுக்கு ஒரு சாக்கு வேணும்னு காரியம் முடியறதுக்கு முந்தியே மரியாதைப் பெட்டி குடுக்குறாரு. பெட்டிக்குள்ள சோடா. இனிமே யாரும் சாம்பலத் தேடக் கூடாதுன்னு. நாப்பது வீட்டுச் சாம்பலும் போச்சு. ஒரு வீட்டுது மட்டும் மிச்சம். ஏன்னா அந்த வீட்டுக்காரிய நீங்க சாவுக்கு வரவிடல. வராதவங்களுக்குத் திருப்பிச் செய்ய மாட்டீங்க. அந்த வாசல்ல போய் நிக்க இவருக்கும் முகம் இல்ல. நீங்க ஒதுக்கி வெச்சதாலதான் அந்தப் பை தப்பிச்சுது."

எல்லோரும் திரும்பினார்கள். இவாபுச்சி மெல்லக் கையுறையைக் கழற்றினார். அவர் நகங்களிலும் அதே கோடு.

"நெருப்புல போட்டா எல்லாம் போயிடும்னு நினைச்சேன்," என்றார். "முப்பத்தெட்டு பேரு குளிர்ல கிடந்தாங்க. பண்ணைய மூடுனப்ப புடுங்குன கம்பு கொட்டகையில சும்மா அடுக்கிக் கிடந்துச்சு. அதைச் சில்லாக்கிக் கொண்டாந்தேன். சத்தியமா, நல்லதுன்னு நினைச்சுத்தான்…"

"எப்போ தெரிஞ்சுது?" என்றார் அம்மாள்.

"ஆஸ்பத்திரியில. மசுயோ கையப் புடிச்சிட்டு உக்காந்திருந்தேன். எனக்குப் பத்து வயசுல அப்பா மிச்சக் கம்ப எரிச்சாரு. கன்னுக்குட்டி போய் அந்தச் சாம்பல நக்குச்சு. மறுநாள் செத்துக் கிடந்துச்சு. அது திடீர்னு ஞாபகம் வந்துச்சு. சொன்னா பாய்லர மூடிடுவாங்க. ஊரே பாடுபட்டுக் கட்டுனது. அதனால…"

ஹிசாயோ இரண்டடி முன்னால் வந்தாள்.

"அப்ப மசுயோவுக்கு உசுரு இருந்துச்சா?"

அவர் கையுறையை மறுபடி மாட்டப் பார்த்தார்.

"உன்னத்தான் கேக்கறேன். உனக்கு ஞாபகம் வந்தப்ப அவளுக்கு உசுரு இருந்துச்சா, இல்லியா?"

"இருந்துச்சு."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"விடியட்டும்னு நினைச்சேன்," என்றார் இவாபுச்சி. "விடியறதுக்குள்ள போயிட்டா."

பாய்லர் திருகு ஒரு சுற்று சுற்றி, ஒரு பிடி சில்லை உள்ளே தள்ளிவிட்டு நின்றது. ஹிசாயோ அவரை அடிப்பாள் என்று ஷிதாரா நினைத்தான். அடித்தால் தடுக்கக் கூடாது என்றும் நினைத்தான். அவள் அடிக்கவில்லை.

"நாப்பத்தஞ்சு நாளா என் கையப் பாத்து நானே பயந்தேன்டா," என்றாள். "சோறு பிசையக்கூட பயந்தேன்."

அன்று மாலையே இவாபுச்சி தானாகச் சுகாதார அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். அங்கிருந்து போலீஸ் அவரை அழைத்துப்போனது. பாய்லருக்கு முத்திரை வைத்தார்கள். முதியோர் இல்ல வாசலில் மண்ணெண்ணெய் லாரி வந்து நின்றது. பக்கத்து வீட்டு அம்மாள் ஹிசாயோவைப் பார்த்துக் குனிந்து வணங்கினாளாம். வணங்கிவிட்டு, ஹிசாயோவின் காதில் விழும்படியே அடுத்தவளிடம் சொன்னாளாம்: "வர்ற குளிருக்கு என்ன பண்ணப் போறோமோ. இவ பாட்டுக்குச் சும்மா இருந்திருக்கலாம்." இதைக் கேட்டபோது ஷிதாராவுக்கு வந்த கோபத்துக்கு அந்த ஊரையே காரில் ஏற்றி எங்காவது தள்ளிவிட்டு வந்திருப்பான்.

நாற்பத்தொன்பதாம் நாள் ஹிசாயோ கூப்பிட்டாள். தனியாகப் போக ஒரு மாதிரி இருக்கிறது, கூட வர முடியுமா என்று கேட்டாள். உத்சுமி அம்மாளுக்கு வேறு வேலை இருந்தது. ஷிதாரா போனான்.

இவாபுச்சி வீட்டில் ஆளே இல்லை. வரவேண்டிய உறவுக்காரர்கள் ஒருவரும் வரவில்லை. மகள் சினாமி மட்டும் கறுப்பு உடையில் கதவைத் திறந்தாள். ஹிசாயோவைப் பார்த்ததும் தரையில் விழுந்து வணங்கப் போனவளை ஹிசாயோ தோளைப் பிடித்து நிறுத்தினாள். உள்ளே போய், படத்துக்கு முன் ஊதுபத்தி ஏற்றி, மே மாதம் வாசலோடு திரும்பி வந்த அதே கவரை எடுத்து வைத்தாள். ஓரம் கசங்கியிருந்தது. நீவிவிட்டு வைத்தாள்.

"பெரணிய இன்னும் கொஞ்சம் போடுன்னு தட்ட நீட்டுனியேடி," என்று படத்திடம் சொன்னாள். "நானும் போட்டேனே." அப்போதுதான் அவள் அழுதாள். வாய்விட்டு, குழந்தை மாதிரி அழுதாள். ஷிதாரா வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

கிளம்பும்போது சினாமிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கவர் வைத்தவர்களை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் இல்லை. அலமாரியைத் திறந்து தேடினாள். அடியில், துணிகளுக்குப் பின்னால், வெள்ளைத் தாளில் சுற்றிய பெட்டி ஒன்று கிடைத்தது. எடுத்தவள் மேலே எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அப்படியே நின்றாள். பிறகு இரண்டு கையாலும் நீட்டினாள்.

பெட்டியின் மேல் இவாபுச்சியின் கையெழுத்தில், மே இருபதாம் தேதி போட்டு, 'ஹிசாயோ அவர்களுக்கு' என்று எழுதியிருந்தது.

ஹிசாயோ அதைக் குலுக்கிப் பார்த்தாள். உள்ளே டப்பா ஆடியது. என்னவென்று திறந்து பார்க்கத் தேவையில்லை.

"எனக்கும் சேத்துத்தான் கட்டி வெச்சிருக்கான்," என்றாள் ஷிதாராவிடம். "எங்க வீடு இங்கேர்ந்து நூறு அடி. அந்த நூறு அடி நடந்து வந்திருந்தான்னா நான் அந்தச் சாம்பல் பையையும் குடுத்து அனுப்பியிருப்பேன்."

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மசுயோவின் பேரால் வந்ததை வேண்டாமென்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மழையில் இறங்கி வீட்டைப் பார்த்து நடந்தாள்.